காரம் வைக்காத தலை

1954 பிப்ரவரி 9

ஏலக்காய் விலை இறங்கிவிட்டதாம். அதற்கும் என் தலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் விலை இறங்குகிற நாளில்தான் அத்தைக்கு என் தலை ஞாபகம் வருகிறது. இன்று காரம் வைத்தார்.

எழுதியே வைக்கிறேன். பின்னால் எனக்கே நம்ப முடியாமல் போகலாம். ஏலக்காய் பச்சை மாறாமல் இருப்பதற்காக, காய் மூட்டை அடுக்கும் எங்கள் கிட்டங்கியில் சோடாக்காரத் தண்ணீரில் நனைத்து எடுப்பார்கள். அதே காரத்தைச் சுண்ணாம்புத் தெளிவில் கரைத்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, என் தலையில் அப்புவது என் மாமியார் மொக்கம்மாள் அத்தை கண்டுபிடித்த வித்தை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. தலைதான் காக்காக் கூடு. அதை நான் சரி பண்ணிக்கிறேன்" என்றார். அம்மாவும் தலையாட்டினாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆரம்பித்தது இது. மூன்று வருஷமாக, புதுச் சுருள் எட்டிப் பார்க்கிறபோதெல்லாம் ஒரு தரம் அப்பி, சீவிச் சீவி நீட்டிவிடுகிறார். "மொக்கம்மா மருமகளுக்கு என்னமா முடி!" என்று போடி ஊரே சொல்கிறது. அந்தப் பாராட்டு எனக்கு வந்ததில்லை, காரத்துக்கு வந்தது.

இன்று கழுவத் தாமதமாகிவிட்டது. தரகர் வந்தார், அத்தை பேசப் போய்விட்டார். "எரியுது அத்தை, எரியுதே" என்று நான் கத்தியது கிட்டங்கி வரைக்கும் கேட்டிருக்கும். நாத்தனார் பாண்டியம்மாள்தான் குடத்தோடு ஓடிவந்து தண்ணீரை ஊற்றினாள். காதுக்குப் பின்னால் தோல் உரிந்து கையோடு வந்துவிட்டது.

போதும். இனி என் தலையில் காரம் படாது.

பிப்ரவரி 12

சீப்பு வைக்க முடியவில்லை. இவர் பார்த்தார். "தேங்காண்ணெய் தடவு" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 28

அத்தை கிண்ணத்தில் குழைத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார். "வெரசா வா ராஜாத்தி, எனக்குச் சோலி கெடக்கு."

"வேண்டாம் அத்தை."

"புண்ணு ஆறிருச்சுல்ல?"

"ஆறிருச்சு. இனிமே வேண்டாம்."

நான் ஏதோ வேறு பாஷை பேசிவிட்ட மாதிரி பார்த்தார். "அப்ப பரட்டையாவே திரியப் போறியா? இந்த வீட்டு மருமக அப்படித் திரிஞ்சா ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்கா அத்தை எரியுது?"

கிண்ணத்தை நங்கென்று தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் ஒரு சொட்டுத் தெறித்து அவர் புறங்கையில் விழுந்தது. பதறிக்கொண்டு தொட்டிக்கு ஓடிக் கழுவினார். ஒரு சொட்டுக்கு அத்தனை ஓட்டம்! என் தலை மட்டும் என்ன, தகரமா?

இவரிடம் சாப்பாட்டு நேரத்தில் புகார் போனது. ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. காயை முகர்ந்தே, காரத்தில் நனைத்ததா நனைக்காததா என்று சொல்லிவிடுவார். நனைக்காத காய்க்குத் தனி மூட்டை, தனி மரியாதை. பெண்டாட்டி தலைக்கு மட்டும் அந்த மூக்கு வேலை செய்யாது.

ஏப்ரல் 25

வேரில் சுருள் நன்றாகவே வந்துவிட்டது. அதற்குக் கீழே இடுப்பு வரைக்கும் பழைய நீட்டல், தேங்காய் நார் மாதிரி. இரண்டும் சேர்ந்து பின்னலில் அடங்க மாட்டேன் என்கிறது. என்ன எண்ணெய் வைத்தாலும் உச்சியில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

குழாயடியில் எதிர்வீட்டுக் கருத்தம்மாள் அக்கா எல்லாரும் கேட்கும்படி கேட்டாள். "என்ன ராஜாத்தி, மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளா இருக்கு?"

"ஆமாக்கா. மேல இருக்கறவதான் வீட்டுக்காரி. கீழ இருக்கறவ வாடகைக்கு வந்தவ, சீக்கிரம் காலி பண்ணிருவா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மே 30

சிக்கெடுக்கும்போது ஒடிந்தது. சீப்புதான் ஒடிந்தது.

ஜூலை 11

தேவாரம் ஊரிலிருந்து அம்மா வந்தாள். அத்தை ஆள் அனுப்பித்தான் வந்திருக்கிறாள் என்பது அவள் கொண்டுவந்த பலகாரத்தின் அளவிலேயே தெரிந்தது. கொல்லைப்புறம் கூட்டிப்போய் அழுதாள்.

"எனக்காக ஒரு தடவை வச்சுக்கோ ஆத்தா. உன்னையக் கொண்டாந்து விட்டுருவாங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்ல."

காதுக்குப் பின்னால் முடியை விலக்கிக் காட்டினேன். அந்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை, வழவழவென்று இருக்கிறது. அம்மா விரலால் தொட்டுப் பார்த்தாள். சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பஸ் ஏறும்போது மறுபடியும், "கொஞ்சமாச்சும் வச்சுக்கோ, மேலாப்புல" என்கிறாள்.

பெத்த தாய்க்கே என் தலை பிடிக்கலேன்னா நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது? இது எங்கிருந்து வந்துச்சு, கடையிலயா வாங்கினேன்? அப்பா தலையும் இப்படித்தானே இருந்துச்சு! அவரை யாராச்சும் பரட்டைன்னு சொன்னாங்களா? ஆம்பளைக்குச் சுருட்டை, எனக்குப் பரட்டை. கோபம் கோபமா வருது. இன்னிக்கு இதுக்கு மேல எழுத முடியல.

ஆகஸ்டு 25

பாண்டியம்மாளைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து வருகிறார்கள். பெரிய இடம். அத்தை என்னை உட்காரவைத்துப் பேசினார். இந்த முறை கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வர்றவங்க பொண்ணை அப்புறந்தான் பாப்பாங்க. மொதல்ல வீட்டு மருமகளைப் பாப்பாங்க. காரம் வச்சுக்கோ. இல்லேன்னா அன்னிக்குக் கிட்டங்கிக்குள்ள இரு."

இரண்டுக்கும் தலையை ஆட்டினேன், பக்கவாட்டில். உடனே மூன்றாவது வழி வந்தது. "அப்ப மொட்டையடிச்சுக்கோ. மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டேன்னு சொல்லிருவோம். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

கெட்டிக்காரி என் அத்தை. சாமி பேரைச் சொன்னால் ஊர் வாயை மூடும், அவர் மானம் நிற்கும், எனக்கும் நீட்டல் போய்விடும். ஒரு நிமிஷம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் நேர்ந்துகொள்ளாததை நேர்ந்ததாகச் சொல்வதா? இது நான் எடுத்த முடிவு. இதைத் தூக்கி மாரியாத்தாள் தலையில் போட மாட்டேன்.

கிட்டங்கிக்குப் போனேன். ஒளிய அல்ல. சாக்குச் சணல் அறுக்கிற பெரிய கத்தரி அங்கேதான் இருக்கிறது. சுருள் முடிகிற இடம் பார்த்துச் சுற்றி வெட்டினேன். மூன்று வருஷ நீட்டல் அவ்வளவும் காலடியில் கிடந்தது. தலை எடையே இல்லாமல் இருந்தது. பாண்டியம்மாள் கதவருகே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து, "பின்னால கோணலா இருக்கு மதினி, கொண்டாங்க" என்று கத்தரியை வாங்கினாள்.

ஆகஸ்டு 27

காபித் தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். முடி காது மடலுக்கு மேலே நின்றது. மல்லிகையைப் பின்னலில் வைக்கப் பின்னல் இல்லாததால் ஊக்கு குத்தி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "ஐயோ, காய்ச்சல் கண்டுச்சா ஆத்தா?"

அத்தை முந்திக்கொண்டார். "ஆமாங்க, டைபாய்டு. பொழைச்சதே பெரிசு."

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். இவர் சுவரைப் பார்த்தார். நான் சும்மா தட்டை வைத்துவிட்டு வந்திருக்கலாம்.

"காய்ச்சல் எல்லாம் இல்லீங்க. என் முடி பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். காரம் வச்சு நீட்டிக்கிட்டு இருந்தோம், நிறுத்திட்டேன்."

வடையைத் தொட்டவர்கள் வைத்துவிட்டார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்தார்கள்.

செப்டம்பர் 9

சொல்லி அனுப்பவில்லை.

செப்டம்பர் 10

பாண்டியம்மாளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. என்னிடம் சொல்லவில்லை, தலையணை உறை ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். இதை மட்டும் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. "என் மேல கோவமா?" என்று கேட்டேன். "ஆமா மதினி" என்றாள். தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஆனா டைபாய்டுன்னு சொல்லிப் போயிருந்தா, அங்க போய் இன்னும் எத்தனை பொய் சொல்லணுமோ" என்றாள்.

அத்தை என்னோடு பேசுவதில்லை. இவர்தான் வந்து சொன்னார், மலைத் தோட்டத்தில் காய் பறிப்பு ஆரம்பித்துவிட்டதாம், காய் உலர்த்துகிற ஸ்டோரில் வீட்டு ஆள் இருந்தால் நல்லதாம். "முடி வளர்ற வரைக்கும்." நாடு கடத்தல். சரி, போகிறேன். அழுதுகொண்டு போக மாட்டேன்.

செப்டம்பர் 16

போடிமெட்டுக்கு அந்தப்புறம், எங்கள் தோட்டத்து ஸ்டோர். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஜீப்பு மூச்சு வாங்கியது.

கல்யாணமான புதிதிலிருந்து இவர் மலைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன். மலையில் மூடுபனியாக மஞ்சு இறங்கினால் வேரில் இருக்கும் புது முடி பொங்கிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அத்தை பயமுறுத்தி வைத்திருந்தார். இன்று சாயங்காலம் மஞ்சு இறங்கியது. முற்றத்தில் போய் நின்றேன். பொங்கட்டும் என்று நின்றேன். ஒவ்வொரு முடியும் ஈரம் குடித்துச் சுருண்டு, தலை இரண்டு மடங்காகிவிட்டது. அடடா, இதற்கா பயந்தோம்!

காய் பறிக்க வந்த மலையாளத்துப் பெண் ஒருத்தி கூடையை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "கொள்ளாம் சேச்சி" என்றாள். நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். இந்த முடி கூடையில் கொள்ளாது என்கிறாளோ என்று முதலில் நினைத்துவிட்டேன்!

அக்டோபர் 20

மழை. காய் உலரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

நவம்பர் 14

லோடு ஏற்ற வந்த ஜீப்பில் இவரும் வந்தார். கஞ்சி குடித்தார். என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பாக்குறீங்க? பிடிக்கலேன்னா வாயத் தெறந்து சொல்லுங்க."

"பிடிக்கலேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"பிடிக்கும்னும் சொல்லலியே! தோல் உரிஞ்சப்ப சொல்லல, அவங்க முன்னாடி டைபாய்டுன்னப்ப சொல்லல. காரம் வைக்காத காயைத் தேடித் தேடி வாங்குறீங்க. நான் என்ன, அந்தக் காயை விடக் கேவலமா?"

கொட்டிவிட்டேன். அவர் கும்பாவைக் கீழே வைத்தார். காது வரை சிவந்திருந்தார். "அம்மா முன்னால எனக்கு வாய் வர மாட்டேங்குது ராஜாத்தி" என்றார். மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் உண்மையான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு என்கூட வர்றியா?"

"நீங்க கூப்பிட்டது சந்தோசம். அத்தை கூப்பிடட்டும், வர்றேன்."

தனியாகத்தான் போனார்.

1955 ஜனவரி 23

பாண்டியம்மாள் ஜீப்பில் வந்து குதித்தாள். அவளைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து ஒரு இடம் வருகிறதாம். "அம்மா உங்களைக் கூட்டியாரச் சொல்லுச்சு மதினி."

"என்ன சொல்லுச்சு? அப்படியே சொல்லு."

"நீங்க இல்லாம நான் சேலை கட்டிக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். மூணு நாளு மொறைச்சுச்சு. அப்புறம், 'அவ இல்லாம இங்க ஒரு சோலியும் ஓட மாட்டேங்குது, வரச் சொல்லு'ன்னுச்சு."

"தலையைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

ஒன்றும் சொல்லாதது அத்தைக்குப் பெரிய பேச்சு. பெட்டியைக் கட்டினேன்.

ஜனவரி 30

காபித் தட்டோடு போனேன். கம்பத்து அம்மாள் என் தலையை ஒரு தரம் பார்த்தார். பிறகு வடையைப் பார்த்தார். "பருப்பு எவ்வளவு நேரம் ஊறினிச்சு?" என்று கேட்டார். அவ்வளவுதான்! இதற்கா கிட்டங்கியில் ஒளியச் சொன்னார்கள்!

முடிவாகிவிட்டது. பாண்டியம்மாளுக்கும் பிடித்திருக்கிறதாம். இந்த முறை என்னிடமே சொன்னாள்.

மே 27

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கால் வீங்கிவிட்டது. ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

எல்லாரையும் நிற்கவைத்துப் படமெடுக்கும்போது ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "அந்த அம்மா மட்டும் முந்தானையைத் தலைக்கு மேல இழுத்து விட்டுக்கிட்டா படம் எடுப்பா இருக்கும்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பதில் என் நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"வேண்டாம்" என்று ஒரு சத்தம். இவர். அத்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அது அப்படியேதான் இருக்கும். நீங்க எடுங்க."

ஜூன் 19

கல்யாணப் படம் சட்டம் போட்டு வந்தது. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். என் முடி பின்வரிசையில் நின்ற இரண்டு பேரை மறைத்துக்கொண்டு நிற்கிறது. நான் அடுப்படி நிலையில் நின்று காத்திருந்தேன்.

"எல்லாரும் நல்லாத்தான் விழுந்திருக்கோம்" என்றார். "நான் பெத்த இந்தப் பயதான் கண்ணை மூடித் தொலைச்சிட்டான்."

வேறு படம் எடுக்கலாமா என்று இவர் கேட்டார். எதற்கு என்று அதட்டிவிட்டு, கூடத்தில், வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தைக் காட்டி, அங்கே ஆணி அடிக்கச் சொன்னார்.