வண்டிக்கு அடியில் படுத்தவனுக்கு

மாப்ள,

நேற்றுக் காலை உன் அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தோம். பழைய கியர் ஆயில் வாடை மூக்கில் ஏறியதும் நான் இரண்டடி பின்வாங்கிவிட்டேன். ஏரி முகத்துவாரத்தில் அலை எழும்பி நிற்கும்போது கூடப் படகைத் திருப்பாதவன் என்று ஊரில் பெயர் எடுத்தவன் நான். ஓர் ஓட்டை வண்டியைப் பார்த்துப் பயந்தேன். நீ பார்த்திருந்தால் பத்துப் பேரைக் கூட்டி வைத்துச் சிரித்திருப்பாய்.

உன் பெண்டாட்டிதான், என் தங்கச்சிதான், என்னை அங்கே கொண்டு வந்து நிறுத்தினாள். நீ ஆரம்பாக்கம் ரயில் ஸ்டேஷன் வாசலில், சவாரிக்குக் காத்திருந்தபடியே ஸ்டியரிங்கில் தலை சாய்ந்து இறந்து போன பிறகு, வண்டியை விற்றுவிடு என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. நீ ஓட்டக் கற்றுக்கொடுத்ததை வைத்துக்கொண்டு மீன்கூடைக்காரிகளை ஏற்றி ஸ்டேஷனுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியாத அளவுக்குப் புகை கக்கிய வண்டி, இப்போது கிளம்பவே மாட்டேன் என்கிறது. எளாவூர் மெக்கானிக் மணல் பாதையில் வர மாட்டேன் என்கிறார். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழற்றி டெம்போவில் போட்டு அனுப்பினால் சரி செய்து தருவாராம்.

"நான் அடியில பூந்து போல்ட்டு கழட்றேன்ணா. நீ மேல கட்டு" என்றாள்.

கயிற்றைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்று உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும் என்று நேற்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் இதே வேலைதான், இதே இடம்தான். படகு கவிழ்ந்து இரண்டு மணி நேரம் நீந்திக் கரை ஏறியவன், இனித் தண்ணீர் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லி, வலையை எல்லாம் விற்றுவிட்டு நீ வாங்கிய வண்டி. வாங்கின மூன்றாம் மாதமே கியர் விழவில்லை. பாரம் தூக்குகிற சங்கிலி பிளாக் வாடகைக்கு எடுத்து வரலாம் என்று நீதான் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. "படகு இன்ஜின தோள்ல தூக்கினு போறோம், இது இன்னா பெரிய இது?" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன சொல்ல.

மூன்று சவுக்குக் கழிகளை முக்காலியாக நட்டு, உச்சியில் படகுக் கப்பியைத் தொங்கவிட்டோம். ரேடியேட்டரை இறக்கினோம், பின்சக்கரத்துக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாப்டைப் பிரித்தோம். கயிற்றின் ஒரு தலையை இன்ஜினில் கட்டி, கப்பி வழியாக இழுத்து, மறு தலையைப் பூவரச மரத்தில் கட்டினேன். கியர்பாக்ஸைத் தாங்கும் கடைசி போல்ட்டுகளைக் கழற்ற நீ மல்லாந்து அடியில் போனாய். அவை கழன்றால் பாரம் முழுக்க அந்தக் கயிற்றில்தான்.

நான் போட்டது படகைக் கழியில் கட்டும் கட்டு. ஏரியில் காற்று திரும்பினால் அந்த நொடியே படகை விடுவிக்க வேண்டும். அதனால் நம் கட்டு எல்லாமே ஒரே இழுப்பில் அவிழ்கிற கட்டு. நுனி தரையில் தொங்கும், அதைச் சுண்டினால் போதும். சின்ன வயதிலிருந்து இந்தக் கைக்கு வேறு கட்டு தெரியாது. மேலே தொங்குவது படகல்ல, கீழே ஒரு மனிதன் படுத்திருக்கிறான் என்று கைக்கு யார் சொல்வது?

"ஏய் மச்சான்!" என்று நீ கத்தினாய். ஸ்பானர் கேட்கிறாய் என்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தேன். நுனிக்கயிறு என் கணுக்காலில் சுற்றியிருந்தது. அவ்வளவுதான். மடாரென்று சத்தம், ஒரே புழுதி. குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை மாப்ள. அதை மறைக்க மாட்டேன். என் தங்கச்சி தாலியை நானே அறுத்துவிட்டேன் என்று நினைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

கண்ணைத் திறந்தால் நீ அந்தப் பக்கம் உருண்டு கிடந்தாய். உன் சட்டையின் ஓரம் மட்டும் கியர்பாக்ஸுக்கு அடியில் சிக்கியிருந்தது. உன் விலாவுக்கும் அந்த இரும்புக்கும் ஒரு சாண் இடைவெளி. அரிசி களைந்த கையோடு அவள் ஓடிவந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "கயிறு அறுந்துட்ச்சி. ஒண்ணும் ஆவல, உள்ள போ."

அவள் போனதும் அந்த நல்ல கயிற்றைச் சுருட்டி வேலிக்குப் பின்னால் எறிந்துவிட்டு, வேறு கயிறு கொண்டுவந்து என் கையில் திணித்தாய். "நீயே கட்டு" என்றாய். எனக்குப் பயமாக இருக்கிறது, உனக்கு இல்லையா என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா? சீக்கிரம் கட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடியில் போனாய். ஏழெட்டு முடிச்சுப் போட்டேன். அவிழ்க்க முடியாமல் கடைசியில் அரிவாள்மனையால் அறுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

நேற்று சங்கிலி பிளாக் வாடகைக்கு எடுத்துத்தான் வந்திருந்தோம். இருந்தாலும் இன்ஜினைச் சுற்றிக் கொக்கியில் மாட்டக் கயிறு வேண்டும். கொடியில் காய்ந்த துணிகளை ஓரம் தள்ளிவிட்டு, புதுக் கயிறோடு குனிந்தேன். பேசிக்கொண்டே கட்டியதில், பார்த்தால் அதே கட்டு. அதே நுனி தொங்குகிறது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். சொல்லாமல் அவளை அடியில் அனுப்ப முடியாது. சொன்னால் அண்ணன் என்று இனி அவள் என் முகத்தில் விழிப்பாளா என்றும் பயம்.

"அன்னிக்குக் கயிறு அறல மா. என் கட்டுதான் அவுந்துச்சு. அவன் என்னைக் காப்பாத்த பொய் சொன்னான்."

அவள் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு தலைக்கு மேலே துணி காய்ந்த கொடியைக் காட்டினாள்.

"இது எந்தக் கயிறுன்ற? மறுநாளு வேலியாண்ட கெடந்துச்சு. இந்த முனைலேர்ந்து அந்த முனை வரிக்கும் ஒட்டுப் போட்ட எடம் இல்ல, பாரு. அறுந்த கயிறா இது? இத்தினி வருசமா இதுலதான் அவரு சட்டய காயப் போட்டேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ இந்த வாசப்படி மிதிச்சிருப்பியா?"

பிறகு கீழே கிடந்த புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டாள். "நான் கட்றேன். நீ அடியில போ" என்றாள்.

போனேன் மாப்ள. மல்லாந்து படுத்து, மூக்குக்கு நேரே அந்தக் கறுத்த இரும்பைப் பார்த்துக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். தலையைத் திருப்பினேன். அடியிலிருந்து பார்த்தால் கட்டு தெரியாது. கட்டுகிறவர் முகமும் தெரியாது. வெளியே தரையில் அவளுடைய வெடித்த குதிகால் இரண்டும் மட்டும் தெரிந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ ஸ்பானர் கேட்கவில்லை. என் காலையும் அதில் சுற்றியிருந்த கயிற்றையும் பார்த்துவிட்டுத்தான் கத்தினாய். கத்திக்கொண்டே உருண்டிருக்கிறாய். அதிர்ஷ்டம் என்று இத்தனை வருடம் நினைத்தேன். யார் அவிழ்த்தது என்று கண்ணால் பார்த்தவன், அதே கையைக் கட்டச் சொல்லிவிட்டு, அதே காலைப் பார்த்துக்கொண்டு திரும்பவும் அங்கே படுத்திருக்கிறாய்.

இன்ஜின் பத்திரமாக இறங்கியது. இன்று காலை ஏரியில் படகைக் கட்டும்போதும், நுனிக்கயிறு எங்கே கிடக்கிறது என்று பார்த்த பிறகுதான் காலை எடுத்து வைத்தேன்.