வர்ற வருசத்துக் காய்

மதினி, காலையில் பந்தலுக்குள் போய் வந்ததிலிருந்து புடலை இலையின் வாடை என் கையை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது உங்களுக்கு முன்னால் இந்த வாடைதான் நுழையும். மத்தியானம் சோற்றில் கை வைத்ததும் யாரோ வந்தாற்போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை.

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் "வித்துத் தொலைங்க" என்று சொன்ன கொல்லை இது. திருவரங்குளத்தில் சிரிக்காத ஆளில்லை, நாத்தனாரும் மதினியும் சேர்ந்து காய் போடப் போகிறார்களாம் என்று. திருக்கோகர்ணத்திலும் கீரனூரிலும் வீடு வீடாகப் போய்ப் பேசி ஆள் சேர்த்தது நீங்கள்தான். அவர்கள் வருடத்துக்கான பணத்தைத் தையிலேயே கட்டிவிடுவார்கள். சனிக்கிழமைதோறும் கொல்லையில் காய்த்தது பையில் போகும். காய்த்தால் எல்லோருக்கும் நிறையும், காய்க்காவிட்டால் எல்லோருக்கும் குறையும். அவர்களை வாடிக்கை என்று யாராவது சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். "பங்குக்காரவுக" என்று திருத்துவீர்கள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை அவர்களும் வந்து களை எடுப்பார்கள், காய் பறிப்பார்கள். பாதிப் பிஞ்சை முறித்துவிட்டுப் போவார்கள் என்று நான்தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன்.

அதற்காகத்தானே விதைக்கு விடும் காயில் உங்கள் பழைய நீலச் சேலையைக் கிழித்துக் கட்டுவீர்கள். "துணி கட்டுன காயி நம்ம காயி இல்ல புள்ள. அது வர்ற வருசத்துக் காயி." அந்தக் காயில் யாரும் கை வைக்கக் கூடாது; ஏனென்று பங்குக்காரர்களுக்கு நாம் சொன்னதில்லை. நீங்கள் இடக்கைக்காரர் என்பதால் முடிச்சின் வால் எப்போதும் இடப்பக்கம் திரும்பி நிற்கும். அந்தக் கையால் பரிமாறியதற்கு என் அம்மா உங்களைப் பேசாத பேச்சில்லை. நானும் சும்மா இருந்தேனா, நொட்டாங்கை மதினி என்றே கூப்பிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே முடிச்சை இறுக்குவீர்கள். "போடி. இந்தக் கட்டு ஒனக்கு ஏழு சென்மத்துக்கும் வராது."

போன வருடம் மாசிக் கடைசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். பஸ் ஏறும்போதுகூட, பந்தலில் ஒரு காயில் துணி கட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள் என்றுதான் சொன்னீர்கள். திரும்பி வரவில்லை. உங்கள் தாய்வீட்டிலிருந்து வந்த புடலை அது. இருந்த விதையையெல்லாம் தையிலேயே ஊன்றிவிட்டோம். சில கொடிகளில் கசப்புத் தட்டியதால், தின்று பார்த்து, நல்ல கொடியாகத் தேடித்தான் கட்டினீர்கள். அந்த ஒரு காய் போனால் கசக்காத அந்தப் புடலையே போயிற்று.

எனக்கோ பந்தல் பக்கம் போகவே முடியவில்லை. அந்த நாட்களில் எங்கே போனேன், என்ன செய்தேன் என்று இன்றுவரை சரியாக நினைவில்லை. பறிக்க ஆளில்லாமல் காயெல்லாம் ஒன்றுபோல முற்றித் தடித்துத் தொங்கியது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குக்காரர்கள் தாங்களாகவே வந்தார்கள். அவர்கள் போன பிறகு எட்டிப் பார்த்தேன். ஐயோ மதினி, பந்தலில் இருந்த காய் அத்தனையிலும் நீலத் துணி. மோட்டார் ரூமில் தொங்கிய உங்கள் சேலை கரைவரைக்கும் கிழிந்து கிடந்தது. காற்றடித்தபோது பந்தல் முழுக்க உங்கள் முந்தானை ஆடியது.

பங்குக்காரர்களில் ஒருவரான திருக்கோகர்ணத்து டீச்சருக்குப் போன் போட்டுக் கத்தித் தீர்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார். "அவுங்க ஏதோ வேண்டிக்கிட்டு கட்டியிருக்காங்கன்னு நெனச்சோம்ங்க. அதான் ஆளுக்கொண்ணு அவுங்க நெனப்பா கட்டினோம்." கோயில் மரத்தில் கட்டுவதுபோலக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் நான் என்ன கத்துவது? போனை வைத்துவிட்டு அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் விடிந்ததும் பந்தலுக்குள் நுழைந்தேன். துணி ஒன்றுதான், முடிச்சு ஒன்றல்லவே. காய் காயாகத் தடவிக்கொண்டு போனேன். எல்லா வாலும் வலப்பக்கம் நின்றது. உங்களைத் திட்டினேன்; போனதுதான் போனீர்கள், எந்தக் கொடி என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாதா என்று. பந்தலின் மேற்குக் காலுக்கு அருகில் ஒன்றில் விரல் பட்டது, வால் இடப்பக்கம். அந்தக் காயைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதோடு முடிந்திருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். அதே கொடி கிணற்றுப் பக்கம் ஓடியிருந்தது. அதன் நுனியில் ஒரு பிஞ்சு, விரல் நீளம்தான் இருக்கும். அதிலும் நீலத் துணி, அதிலும் உங்கள் முடிச்சு. நீங்கள் போய் எத்தனையோ நாள் கழித்துப் பூத்த பூவில் வந்த பிஞ்சு அது. பங்குக்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்தேன். அவர்களில் இடக்கைக்காரர் யாருமில்லை, கிணற்றுப் பக்கம் யாரும் போகவுமில்லை. அந்தப் பிஞ்சையும் அவிழ்க்காமல் விட்டேன்.

இரண்டு காயும் சிவந்து பழுத்தன. அந்த விதைதான் இந்தத் தையில் முளைத்தது. கசப்பில்லை மதினி, சனிக்கிழமை பைகளில் போய்க்கொண்டிருக்கிறது.

இன்று காலை விதைக்காய் பார்த்துத் துணி கட்டினேன். கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தால் வால் இடப்பக்கம் நின்றது. அவிழ்த்து, வலக்கை இது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, மறுபடி கட்டினேன். மறுபடியும் இடப்பக்கம். அப்படியானால் போன வருடம் அந்தப் பிஞ்சில் கட்டியதும் நான்தானா? எப்போது போனேன், ஏன் கட்டினேன், ஒன்றும் நினைவில்லை. ஏழு சென்மத்துக்கும் வராது என்றீர்களே. என் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது மதினி. ஆனாலும் முடிச்சை அவிழ்க்கவில்லை.