நான் கொடுக்காத கோ

எனக்குக் கிடைக்க வேண்டிய பெயரையெல்லாம் நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ இருந்தவரை இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இன்று காலை மெட்ரோவில், பெண்கள் பெட்டியின் கதவருகே நின்றிருந்தேன். பின்னால் இருந்த பெண் இறங்க வழி கேட்டு முதுகில் தட்டினாள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், சரியாக நீ தட்டும் இடத்தில். என் கால் தானாக முன்னே பாய்ந்தது. எதிரில் நின்றவரின் செருப்பை மிதித்து இந்தியில் திட்டு வாங்கினேன். பள்ளி முடிந்து ஆறு வருடமாகிறது. என் முதுகுக்கு அது இன்னும் தெரியவில்லை.

கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையாக, மாறி மாறி எதிர்ப்பக்கம் பார்த்துக் குந்தியிருப்போம். ஒருத்தி மட்டும் துரத்துவாள். அவள் பின்னாலிருந்து முதுகைத் தட்டி 'கோ' சொன்னால்தான் உட்கார்ந்திருப்பவள் எழ முடியும். நம் பள்ளியிலேயே வேகமாக ஓடியவள் நான். எழுந்தால் விட மாட்டேன். நானே துரத்த வேண்டும், நானே தொட வேண்டும். மூச்சு வாங்கி, ஆள் தப்பிய பிறகுதான் யாருக்காவது கோ கொடுப்பேன். நீ நாலு எட்டுதான் ஓடுவாய். எதிராளி யார் பக்கம் போகிறாள் என்று பார்ப்பாய். ஒரு தட்டு. பாய்ந்து தொடுவது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். கூட்டம் உன் பெயரைச் சொல்லிக் கத்தும்.

தொட்டது நான்டி என்று ஒரு முறை சொல்லியே விட்டேன்.

"அச்சா, அப்ப கப்பையும் நீயே வெச்சுக்க. எங்க ஜுக்கி குடிசைல அத வெச்சா அப்பறம் நாங்க வெளியதான் படுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குப் பொறாமை.

பதினோராம் வகுப்பில் குழுப் போட்டிக்காக நம் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு புராஜெக்ட் கொடுத்தார்கள். தலைப்பு, டெல்லியின் தண்ணீர். எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் கம்ப்யூட்டர் இருந்தது. அதனால் நான் தலைவி. எல்லாவற்றையும் நானே எழுதினேன். மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு வரி துண்டுச்சீட்டில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"டேங்கர் பத்தி மட்டும் நான் சொல்றேன்டி. எழுதித் தர வேணாம். எழுந்து நின்னு சொல்லிடுவேன்."

சரி என்றேன். பள்ளியில் ஒரு நாளும் நீ வகுப்புக்கு முன் நின்று பேசியதில்லை. நீ பேசுவதைப் பார்ப்பதற்காக உன் அம்மா, வேலை செய்யும் மூன்று வீட்டிலும் லீவு சொல்லிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிச் சுவரோரம் நின்றார். அந்த மூன்றில் ஒன்று எங்கள் பக்கத்து வீடு.

நடுவராக வந்தவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். டேங்கர் வராத நாளில் மக்கள் என்ன செய்வார்கள்?

அன்று விடியற்காலையில் நீ டேங்கர் வரிசையில் நின்றுவிட்டு வந்திருந்தாய். உன் சல்வாரின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. நாற்காலியில் சற்று முன்னால் சாய்ந்து, கோவுக்குக் காத்திருப்பது போலவே முழங்காலை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். நான் பார்த்தேன். நீ எழுந்தால் இந்த அறையும் உனக்குத்தான் கைதட்டும் என்று எனக்குத் தெரியும்.

"மாற்று ஏற்பாடுகள் செய்துகொள்வார்கள்," என்று நான் சொன்னேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டுப் பெண்.

என்ன ஏற்பாடு என்று கேட்டார். இணையத்தில் படித்ததைச் சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அவர் மற்றவர்களிடம் திரும்பினார். அவர்கள் அந்த இரண்டு வரியை ஒப்பித்தார்கள். உன் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. கடைசி இடம் நமக்கு. உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் போனார்.

பஸ் ஸ்டாப்பில் நீ கேட்டாய். "நீ கோ குடுக்கவே மாட்டியாடி?"

இந்த முறை நீ சிரிக்கவில்லை. நான் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. ஒரு கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்த வார்டில் மூன்று நாள் இருந்தாய். டேங்கர் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டிரம்மில் கொசு முட்டையிடும், மூடி வைத்திருக்க வேண்டும் என்று யாரோ உன் அம்மாவுக்கு அறிவுரை சொன்னார்கள். தினமும் தண்ணீர் வந்தால் யார் டிரம் வைக்கப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்னை எடுத்த அன்று நம் டீம் முழுவதும் வந்திருந்தது. அவள் தட்டியதால்தான் நான் எழுந்தேன் என்று ஒவ்வொருத்தியும் சொல்லி அழுதாள். எனக்காக எத்தனை பேர் வருவார்கள் என்று நான் அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் பொறாமைதான்.

இப்போது குருகிராமில் எனக்கு வேலை. ஆறு பேர் சேர்ந்து அறிக்கை தயாரிப்போம். மேனேஜர் நின்று பேசுவார், நான் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். நேற்று என் பக்கங்களை அவர் தன்னுடையது போலப் படித்தபோது, திருடன் என்று மனதுக்குள் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் உன் ஈர சல்வார் கண்முன் வந்துவிட்டது.

நடுவரின் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்குப் பதில் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நான் ஓடி ஓடிக் களைத்துவிட்டேன்.

கோ.

எழுந்திருடி. டேங்கர் வராத நாளில் என்ன செய்தீர்கள்? சொல்.