தோணியில் கட்டப்பட்ட மாப்பிள்ளை பற்றிய என் முறைப்பாட்டை மீளப்பெறல்

அனுப்புநர்:
ஹெக்டர் பல்தசார்,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
வாவிக்கரை வீதி, மட்டக்களப்பு.

பெறுநர்:
நிலையப் பொறுப்பதிகாரி அவர்கள்,
பொலிஸ் நிலையம்.

விடயம்: 16.06.2025 அன்று நான் செய்த ஆட்கடத்தல் முறைப்பாடு தவறானது என்பதும், கலியாண உடுப்பை விடுவிக்கக் கோருவதும்

மதிப்புக்குரிய ஐயா,

1. அன்று பிற்பகல் 4.10க்கு, கறுப்புக் கோட்சூட் அணிந்த ஒருவரை இருவர் கயிற்றால் கட்டித் தோணியில் ஏற்றுவதை என் ஜன்னலிலிருந்து தூரக்கண்ணாடியால் கண்டேன். 4.14க்குத் தோணி கரையை விட்டது.

2. கட்டப்பட்டவர் ஷோன். வரும் சனிக்கிழமை அவருக்கும் சார்மெயினுக்கும் கலியாணம். எங்கள் கோவிலில் மூன்று ஞாயிறும் திருமண அறிவித்தல் வாசித்து, தடை ஏதும் அறிந்தவர் உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்றார்கள். மாப்பிள்ளையைக் கட்டித் தண்ணீரில் கொண்டுபோவது தடைதான் என்று எனக்குப் பட்டது. பங்குத்தந்தைக்குத் தொலைபேசி எடுத்தேன், அவர் இல்லை. ஆகவே தங்களுக்கு எடுத்தேன்.

3. உண்மையில் அது படப்பிடிப்பு. பச்சிலர் பார்ட்டியில் நண்பர்கள் செய்த பகிடி பிழைத்து, மாப்பிள்ளை வாவியில் தனியே மிதப்பதாக ஒரு நகைச்சுவைப் படம். கலியாண விருந்தில் போட்டுக்காட்ட ஷோனின் நண்பர்கள் நிலோஜனும் றிக்கியும் எடுத்தார்களாம். கமெரா அடுத்த தோணியில் இருந்தது. நான் ஒரு தோணியை மட்டுமே பார்த்தேன்.

4. "அங்கிள், இது படம், பயப்படாதீங்க!" என்று ஷோன் கத்தியது எனக்குக் கேட்டது, ஒப்புக்கொள்கிறேன். கட்டப்பட்டவர், கட்டியவர்கள் சொல்லச் சொன்னதைத்தானே சொல்வார் என்று நினைத்துவிட்டேன்.

5. தங்கள் படகைக் கண்ட பதற்றத்தில் தோணி சரிந்து, ஷோன் இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். ஆட்களை அன்றே விட்டுவிட்டீர்கள். உடுப்பு மட்டும் சான்றுப்பொருளாக, நனைந்தபடி, பொலித்தீன் பையில் தங்களிடம் இருக்கிறது. தவறு தங்களுடையதல்ல.

6. அந்தக் கோட்சூட் ஷோனின் காலஞ்சென்ற தகப்பனாரின் கலியாண உடுப்பு. தாயார் நோறா அதை மகனின் அளவுக்குத் தன் கையால் திருத்தித் தைத்தார். புதிதாக ஒன்று தைப்பித்துத் தரலாமா என்று கேட்கப் போனேன். அவர் எனக்குத் தேநீர் தந்தார்.

ஆகவே, என் முறைப்பாட்டை மீளப்பெற அனுமதித்து, அந்த உடுப்பை இன்றே விடுவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அது உலர ஒரு முழுநாள் வெயில் தேவை. இவ்வளவு நடந்தும் ஷோன் நேற்று எனக்கு அழைப்பிதழ் தந்தார். வெறுங்கையுடன் போக எனக்குத் துணிவில்லை. உடுப்பை என்னிடம் தந்தால், அவர் வீட்டில் சேர்த்துவிட்டு, சனிக்கிழமை கோவிலில் கடைசி வரிசை வாங்கிலாவது உட்காருவேன்.

தங்கள் பொறுமைக்குக் கடமைப்பட்ட,
(ஒப்பம்) ஹெக்டர் பல்தசார்

மட்டக்களப்பு
18.06.2025, புதன்கிழமை

இணைப்பு: என் குறிப்புப் புத்தகத்தின் அன்றைய பக்கம். அதில் நேரங்கள் மட்டும் சரி.