வித்யாவின் கோடை வேலை

ஜூன் 9, 1998, செவ்வாய். ஹூஸ்டன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. வித்யாவின் ரூமில் இன்னும் லைட் எரிகிறது.

ஹில்கிராஃப்ட் இந்தியக் கடையில் காய் வாங்கும்போது மாலதியைப் பார்த்தேன். "அவரோட லேப்ல சம்மருக்கு ஒரு இடம் இருக்கு. மெடிக்கல் ஸ்கூல் அப்ளை பண்றப்போ வித்யாவுக்கு ரொம்ப யூஸ் ஆகும். நாளைக்குக் காலைல சொல்லிடுங்க" என்றாள். அவள் கணவர் பெரிய டாக்டர். கும்பிடாத குறையாகச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வித்யா வேண்டாம் என்கிறாள். அவளாகவே பிடித்த நர்சிங் ஹோம் வேலையே போதுமாம். அங்கே வயசானவர்களைக் குளிப்பாட்டுகிறாள், டயபர் மாற்றுகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யார் யாருக்கோ பீத்துணி மாத்தவா உன்னை இவ்வளவு படிக்க வெச்சோம்?" என்று கத்தினேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "ஹூ டஸ் இட் ஃபார் தாத்தா?" என்றாள்.

அப்பா சேலத்தில் படுத்த படுக்கையாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. "அதான் ஆள் வெச்சிருக்கோமே" என்றேன்.

"வாட்ஸ் ஹிஸ் நேம்?"

ஞாயிறு தவறாமல் அண்ணனுக்கு போன் பண்ணுகிறேன். அந்த ஆள் ஒழுங்காக வருகிறானா, லீவு போடுகிறானா என்றெல்லாம் கேட்கிறேன். பெயரைக் கேட்டதில்லை.

விடிந்தால் மாலதிக்குப் பதில் சொல்ல வேண்டும். சேலத்தில் இப்போது பகல்தான். அண்ணனைக் கூப்பிட்டுப் பெயரைக் கேட்கலாம். ஏன் திடீரென்று கேட்கிறாய் என்பான். அந்த ஆளும் பக்கத்தில்தான் இருப்பார்.