ஜாம் பாட்டிலில் ஒரு ரப்பர் குழாய்

2 செப்டம்பர் 2021, வியாழன்

பெட்ரோல் பங்கில் குழாய்மேல் புது வட்டம் ஒட்டிவிட்டார்கள்: இ-10. நேற்றுவரை நூற்றுக்கு ஐந்து பங்கு எத்தனால், இனி பத்து பங்கு. பழைய ஐந்தே வேண்டுமென்றால் ஓரத்தில் நிற்கும் விலை கூடிய சூப்பர்.

வீட்டுக்கு வந்தால் லெனர்ட் சக்டனிடமிருந்து மின்னஞ்சல். எங்கள் பழைய கார் கிளப்பின் செயலாளர். ‘நம் வண்டிகளுக்கு இருண்ட காலம் தொடங்கிவிட்டது’ என்று ஆரம்பித்து, முடிக்கும்வரை வெளிச்சமே இல்லை. கிளிஃபர்டுக்குப் படித்துக் காட்டினேன்.

“அடக்கம் எத்தனை மணிக்காம்?” என்றார்.

என் கணவருக்குக் கார் என்பது கடைக்குப் போக ஒரு சாமான், அவ்வளவுதான். என்னுடைய 1964 மோரிஸ் மைனரை இன்றுவரை ‘அந்தப் பச்சை’ என்றே சொல்கிறார்.

14 செப்டம்பர், செவ்வாய்

கிளப் கூட்டம். லெனர்ட் முக்கால் மணி நேரம் பேசினார். பழைய ரப்பரை இ-10 தின்றுவிடுமாம், தண்ணீரை இழுத்து டாங்கைத் துருப்பிடிக்க வைக்குமாம். “அதை ஊத்துறதும் வண்டிக்கு விஷம் வைக்கிறதும் ஒண்ணுதான்” என்றார்.

“நீங்க சோதிச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“சோதிக்கணுமா என்ன? எனக்குத் தெரியும்.”

முப்பத்தோரு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவளிடம் சொல்லக் கூடாத வார்த்தை. அடுத்த மாதம் நானே சோதித்துக் காட்டுகிறேன் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

15 செப்டம்பர், புதன்

கடையிலிருந்து ஒரு அடி பெட்ரோல் குழாய் வாங்கினேன். துண்டு போட்டு, ஒரு ஜாம் பாட்டிலில் இ-10 ஊற்றி, மூழ்க வைத்து ஷெட்டில் மேல் தட்டில் வைத்தாயிற்று.

கிளிஃபர்ட் வந்து பார்த்தார். “அது நான் ஜாம் போடக் கழுவி வச்ச பாட்டில் இல்ல?”

ஆமாம் என்றேன்.

“சரி. இந்த வருஷ ஜாமை லெனர்டுக்குக் குடுத்துடலாம்.”

27 செப்டம்பர், திங்கள்

பெட்ரோல் லாரி ஓட்ட ஆளில்லையாம். ஊரெல்லாம் பங்கு வாசலில் வரிசை, பாதி பங்குகள் காலி. இ-5-ஆ இ-10-ஆ என்று இரண்டு வாரமாக நாங்கள் அடித்துக்கொண்டதற்கு, இன்று எதுவுமே இல்லை.

12 அக்டோபர், செவ்வாய்

வெற்றி.

எல்லோர் முன்னாலும் பாட்டிலைத் திறந்து குழாயை எடுத்தேன். வளைத்தேன், இழுத்தேன், நகத்தால் கீறினேன். நான்கு வாரம் ஊறியும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே. கைக்குக் கை சுற்றி வந்தது. லெனர்ட் மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார்.

ஐந்து பேர் இனி இ-10-தான் போடப் போவதாகச் சொன்னார்கள். அதில் டோரீன் ஆக்ராய்டும் ஒருத்தி. என் வயதுக்காரி, அடுத்த தெரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் பேத்திகள் இருவரையும் தன் பழைய ஆஸ்டினில்தான் நீச்சலுக்குக் கூட்டிப் போவாள்.

“நீ சொன்னா சரி மேரியன். நீ படிச்சவ” என்றாள்.

வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

6 டிசம்பர், திங்கள்

பனி. மோரிஸுக்குப் போர்வை போட்டு மூடினேன். டாங்கில் பாதிக்கு மேல் இ-10.

11 ஜனவரி 2022, செவ்வாய்

கூட்டத்தில் பேச்செல்லாம் பேட்டரி பற்றி. பெட்ரோல் பற்றி லெனர்ட் வாய் திறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

19 மார்ச், சனி

வெயில். போர்வையை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். மலை ஏறும்போது ஒரு திணறல். குளிரில் கிடந்த வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கிளிஃபர்ட் நிமிர்ந்து பார்த்தார்.

“உன் கோட்டுல ஏன் பெட்ரோல் வாடை?”

போய் பானட்டைத் திறந்தேன். கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் அதிகம் வெந்த மக்ரோனி மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. வெளிப்பக்கமெல்லாம் ஈரம். அடியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, இன்னும் சூடு ஆறாத புகைக்குழாய்.

 

20 மார்ச், ஞாயிறு

காலையிலிருந்து ஷெட்டில். பாட்டிலில் கிடந்த குழாயையும் வண்டியிலிருந்து கழற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

நான் சோதித்தது புதுக் குழாய். இப்போது செய்கிற ரப்பர், இப்போதைய பெட்ரோலுக்காகவே செய்தது. நூறு வாரம் ஊறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வண்டியில் இருந்தது முப்பது வருடப் பழசு. எங்கள் கிளப்பில் யார் வண்டியைத் திறந்தாலும் அந்தப் பழசுதான் இருக்கும்.

மாதிரியைச் சரியாக எடு, இல்லாவிட்டால் விடை எதுவானாலும் தப்பு — இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்?

ஐந்து பேரிடம் சொல்ல வேண்டும். முதலில் டோரீனிடம்.

நாளைக்கு.

21 மார்ச், திங்கள்

போன் செய்யவில்லை. குழாயை மாற்றினேன், டாங்கில் கொஞ்சம் மட்டும் விட்டு மீதி இ-10-ஐ வடித்தேன். உள்ளே வேறு எதெல்லாம் பழைய ரப்பரோ, இனி சூப்பர்தான். பிறகு கிளப் ஆள் யார் கண்ணிலும் படாமல் சூப்பர் போட வேண்டுமே என்று ஸ்கிப்டன் வரைக்கும் போனேன். இருபது மைல். கழுத்துத் துண்டால் மோவாய்வரை மூடிக்கொண்டு பங்கில் இறங்கினேன். பச்சை மோரிஸில் வந்துவிட்டு முகத்தை மூடி என்ன புண்ணியம்? அது அப்போது தோன்றவில்லை.

சூப்பர் குழாயைக் கையில் எடுத்துத் திரும்பினால், எதிர்ப் பக்கத்தில் ஒரு ரோவர். அதன் டாங்கில் இ-10 குழாய். பிடித்துக்கொண்டு நிற்பது லெனர்ட் சக்டன்.

அவர் என் கையைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தப் பக்கம் எங்க, மேரியன்?”

“சும்மா. நீங்க?”

“நானும் சும்மாதான்.”

பிறகு அவரே சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன்பே குழாய், கசியாமல் அடைக்கும் கார்க் வளையம், கார்புரேட்டர் மிதவை எல்லாவற்றையும் மாற்றிவிட்டாராம். அந்த வண்டி எதையும் தாங்கும். “பென்ஷன்ல சூப்பர் கட்டுப்படியாகுமா சொல்லுங்க. உங்க பேச்சைக் கேட்டுட்டு வந்துதான் இதைப் போட ஆரம்பிச்சேன்.”

“அப்ப கிளப்ல சொல்லியிருக்கலாமே. குழாயை மாத்துங்க, அப்புறம் எதையும் போடலாம்னு.”

“எப்படிச் சொல்றது? அத்தனை பேர் முன்னாடி என்னைத் தோக்கடிச்சிட்டீங்க. மறுநாளே உங்க பக்கம் வந்து நிக்கச் சொல்றீங்களா?”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். யாரிடமும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம். கை வேறு குலுக்கினோம். இரண்டு கையிலும் பெட்ரோல்.

23 மார்ச், புதன்

டோரீனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘பலபடிச் சேர்மங்களில் எத்தனாலின் ஊடுருவல் குறித்து’ என்று தொடங்கியது. கிளிஃபர்ட் தோள்வழியாகப் படித்தார்.

“இதுல தீப்பிடிக்கும்கிற விஷயம் எத்தனாவது பக்கத்துல வருது?”

கிழித்துப் போட்டேன். போனை எடுத்தேன், வைத்தேன். என்னவென்று சொல்வது? நீ படிச்சவ, நீ படிச்சவ என்றே காதில் விழுகிறது. ஐந்து மாதமாக ஓடுகிற வண்டிதானே, இன்னும் இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது —

இதையா எழுதினேன்? நானா?

26 மார்ச், சனி

காலையில் கிளிஃபர்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். “டோரீன் எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க நீச்சலுக்கு?”

அவ்வளவுதான் கேட்டார். செருப்பை மாற்றக்கூட இல்லை, வீட்டுச் செருப்போடு ஓடினேன்.

ஆஸ்டின் வாசலிலிருந்து தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பேத்திகள் இருவரும் நீச்சல் பையோடு. நடுத் தெருவில் கையை விரித்து நின்றேன். டோரீன் கண்ணாடியை இறக்கினாள்.

“என்னடி மேரியன், கிறுக்கு பிடிச்சிடுச்சா?”

“எஞ்சினை நிறுத்து. பிள்ளைங்களை இறக்கு. முதல்ல இறக்கு, அப்புறம் திட்டு.”

பானட்டைத் திறந்தோம். என்னுடையதைவிட மோசம். குழாயில் வெடிப்பு விட்டு, எஞ்சின் பக்கமெல்லாம் நனைந்து மினுங்கியது. டோரீன் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

“ஒரு மாசமா வாடை வந்துச்சு. நீ ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியேன்னு விட்டுட்டேன்.”

“நான் சொன்னது தப்பு, டோரீன்.”

“எப்ப தெரியும்?”

“போன சனிக்கிழமை.”

“ஒரு வாரமாவா?”

 அவள் பேத்திகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து கிளிஃபர்ட் தன்னுடைய சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்து, பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப் போனார். மற்ற நான்கு பேருக்கும் மதியத்துக்குள் போன் செய்து முடித்தேன்.

12 ஏப்ரல், செவ்வாய்

கூட்டம். எழுந்து நின்றேன். இந்த முறை பாட்டில் இல்லை, கழற்றிய பழைய குழாய் மட்டும். எதைச் சோதித்தேன், எதைச் சோதித்திருக்க வேண்டும், தெரிந்த பிறகும் ஏழு நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன், எல்லாம் சொன்னேன். 

 பிறகு ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. லெனர்ட்.

“நான் அக்டோபர்லேர்ந்து இ-10 தான் போடுறேன்” என்றார். “ஸ்கிப்டன்ல. ஒளிஞ்சு.”

பின் வரிசையில் யாரோ டீயைத் துப்பிவிட்டார்கள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. டோரீன் சிரிக்கவில்லை. ஆனால் வந்திருந்தாள்.

28 ஏப்ரல், வியாழன்

எங்கள் ஷெட்டில் இது மூன்றாவது வியாழன். வண்டி ஒவ்வொன்றாக வருகிறது, லெனர்ட் கழற்றுகிறார், நான் புதுக் குழாய் மாட்டுகிறேன். நான் இறுக்கியதை அவர் மறுபடி இறுக்குகிறார். அவர் தலை திரும்பியதும் நான் தளர்த்துகிறேன். கிளிஃபர்ட் டீ கொண்டுவந்து பார்த்துவிட்டு, “உங்களுக்கு அந்தச் சண்டையே தேவலையா இருந்துச்சு” என்றார்.

டோரீன் தன் வண்டியை லெனர்டிடம்தான் விட்டாள். நான் நின்றிருந்த பக்கம் திரும்பவில்லை.

19 மே, வியாழன்

மாலையில் போன். டோரீன். முகமன் எதுவும் இல்லை.

“கியர் பெட்டிக்கு எந்த ஆயில் ஊத்தணும்?”

வாயில் பதில் தயாராக வந்து நின்றது. விழுங்கினேன்.

“தெரியல, டோரீன். பாத்துட்டுச் சொல்றேன்.”



“சரி” என்றாள். “அவசரம் இல்ல. சனிக்கிழமை நீச்சல் முடிஞ்சு உன் வீட்டுக்கு வர்றோம், அப்ப சொல்லு.”