புல் முழுதும் காய்வதற்கு முன்

ஷார்ஜா
டிசம்பர்

அன்பு மகள் இளவேனிலுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உகாண்டா வனவிலங்குப் பூங்காவின் புல்வெளியில் வேலை செய்யும் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் தினமும் காலைக் காபியைக் குடிக்கிறோம்.

அம்மாவின் பள்ளி வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நான் ஓய்வு பெற்றதிலிருந்து அவள் விசாவில்தானே இருக்கிறேன், அதனால் ஜனவரியில் ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். நீ வளர்ந்த வீடு, மூன்று பேரும் ஒருமுறை சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் பூட்டலாம் என்று ஆசைப்பட்டோம். நீ வந்தால் கொடுத்தனுப்ப அம்மா பார்க்கில் பொறுக்கிய வேப்பங்கொட்டைகளைக் காயவைத்துக் கட்டி வைத்திருக்கிறாள், உன் ஊரில் மரமே இல்லையாம், நட்டு வைப்பாயாம். இங்கே ஒவ்வொரு மரத்தின் காலடியிலும் தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, மரமில்லாத நிலம் என்றால் யாரோ தண்ணீர் விட மறந்த நிலம்தான். பள்ளி மைதானம் காலியாகக் கிடக்கிறதே என்று வகுப்பறைகளாகக் கட்டிவிட்டால் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள், அதுபோல நிழல் விழுந்தால் புல் போகும், புல் போனால் மான் போகும் என்று எடுத்துச் சொன்னேன். பக்கத்து ஃபிளாட் ஷம்சியா, "மரம் வைக்கிறதையும் தப்புங்கிற வாத்தியார இப்பத்தான் சார் பாக்குறேன்" என்று சிரித்தாள்.

அதற்குள் லீவு கிடையாது என்று உன் போன் வந்தது. "தீ அணைக்கிறதுக்குன்னா சரி, தீ வைக்கணும்னு லீவு இல்லையாமே" என்று சொல்லி, போனை என் கையில் திணித்துவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். புல் பாதிப் பச்சையாக இருக்கும்போதே திட்டுத்திட்டாகக் கொளுத்தினால் தீ தானே அடங்கும், முழுதும் காய்ந்தபின் ஒரு பொறி விழுந்தால் குட்டியும் மிஞ்சாது குடிசையும் மிஞ்சாது, அந்தச் சில வாரங்கள் நமக்காகக் காத்திருக்காது என்று அவளிடம் விளக்கினேன். உன் அறைக் கதவை நான் சாத்துகிறேன், அவள் திறந்து வைக்கிறாள், இப்படியே ஒரு வாரம் போயிற்று.

நேற்று குக்கரை இடது கையால் தூக்கித் தடுமாறினாள். என்னவென்று கேட்டால், வலது கையில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்! அது இல்லாமல் உன் ஊருக்குள் விடமாட்டார்களாம். "நீங்களும் டாக்டரக் கேட்டுப் போட்டுக்குங்க, பிள்ளையப் பாத்துட்டே மதுரைக்குப் போவோம்" என்கிறாள்.

ஆகவே லீவு கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாதே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில், வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு குறையும் வராமல் மீனாட்சி காக்கட்டும். மறந்துவிடாதே, நீ தீ வைக்கும் நாளில் தானும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிறாள் அம்மா. உன் மேலதிகாரியிடம் இப்போதே அனுமதி வாங்கி வை.

உன்னைப் பார்க்க வரும்
அப்பா